நாசகாரியும் தேயிலைக் கப்பலும்

பலாங்கொடை
10.02.2025

அன்புள்ள தம்பி பழனியாண்டிக்கு,

உன் கடிதம் சென்ற வியாழக்கிழமை கிடைத்தது. தபால்காரர் படலையில் நின்று, "மாஸ்டர், இந்தியாவென் லியுமக்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். இந்தியாவிலிருந்து எனக்குக் கடிதம் எழுத உன்னை விட்டால் ஆள் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் எழுத்து மாறவில்லை. இரண்டு நாள் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன்.

நீ கேட்பது இரண்டு. இந்தியக் கடற்படையின் ரணசூர் கப்பலில் வேலை செய்தவர்கள் டிசெம்பரில் விசாகப்பட்டினத்தில் கூடி நினைவு மலர் வெளியிடுகிறீர்கள், அதில் தமிழ்ப் பகுதி உன் பொறுப்பு. அதற்கு நீ கப்பலிலிருந்து உன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் வேண்டும். மற்றது, தீ விபத்துக்குப் பிறகு எழுதிய கடிதம் தனியாக வேண்டும். ஒழுங்கு இல்லாமல் எழுதத் தொடங்கினால் நான் எங்காவது நழுவிவிடுவேன். ஆகவே எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. ரணசூர் கப்பலின் வரலாறு, உன் கடிதங்களில் உள்ளபடி.
2. கடிதங்களின் எண்ணிக்கையும் நிலையும்.
3. அம்மா ஒரு தடவைகூட உன் கப்பலைப் பற்றி விசாரிக்கவில்லை என்ற உன் மனக்குறை.
4. முப்பத்து நான்காம் கடிதமும் அதற்கு வந்த பதிலும்.
5. அந்தப் பதில் வேறு எப்படியும் இருந்திருக்காது என்பது.

முதலாவது. ரணசூர் வெளிநாட்டில் கட்டப்பட்டு 1962இல் வாங்கப்பட்ட டிஸ்ட்ராயர் வகைக் கப்பல். அந்தச் சொல்லின் தமிழைப் பற்றி மூன்றாவதில் எழுத வேண்டியிருக்கிறது. நீ ஏறியது 1981 ஜூன் 4. நீளம் ஏழாம் கடிதத்தில் 380 அடி, பத்தொன்பதாம் கடிதத்தில் 360 அடி. கப்பல் இடையில் சுருங்கியிருக்காது, எது சரி என்று எழுது. இரண்டு பாய்லர் அறைகள், ஆறு பீரங்கிகள், இருநூற்றெண்பது பேர். 1982 நவம்பரில் புயலடித்த ஒரு கரைக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனது. அங்கே காப்பாற்றி ஏற்றிய ஆடு டெக்கில் குட்டி போட, குட்டிக்கு நீங்கள் கப்பலின் பெயரையே வைத்தீர்கள். 1984இல் நாற்பது நாள் கரை காணாமல் நின்று, உப்புத் தண்ணீரில் குளித்து எல்லோருக்கும் சொறி. 1985 ஒக்டோபர் 18, முன் பாய்லர் அறையில் தீ, அந்த பாய்லரைப் பார்த்த லீடிங் ஸ்டோக்கர் வர்கீஸ் மரணம். 1990 மார்ச்சில் நீ வேறு கப்பலுக்கு மாறினாய். அதற்குப் பிறகு கப்பலுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது. மொத்தம் ஐம்பத்தெட்டுக் கடிதங்கள். எல்லாவற்றிலும் வந்த திகதியும் இலக்கமும் சிவப்பு மையில் இட்டிருக்கிறேன். மொரவத்தைத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் வாத்தியாராக இருந்ததால் என் முகவரிக்குத்தான் எழுதுவாய். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே வாசித்துக் காட்டியதும் பதில் எழுதியதும் நான். லயத்து வீட்டுக் கூரை ஒழுகும் என்று வாசித்ததும் என்னிடமே திருப்பித் தந்துவிடுவார். ஒன்றும் பழுதாகவில்லை.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தேன். தபால் கந்தோர் நாலு மணிக்கு மூடிவிடும். இப்போது மூன்றரை.

இப்படிக்கு,
நல்லையா


கோத்தகிரி
3.3.2025

நல்லையா அண்ணனுக்கு பழனி வணக்கம்.

நான் எழுதுறது பேசுற மாதிரிதான் இருக்கும், சிவப்பு மையில திருத்தாதீங்க. போன் பண்ணலாம்னா காது பாதி போயிருச்சு. பதிமூணு வருஷம் பாய்லர் பக்கத்துல நின்ன காது.

அண்ணே, அஞ்சு நம்பர் போட்டுட்டு ரெண்டோட நின்னுட்டீங்களே! சின்ன வயசுல கங்காணி வீட்டு மாமரத்துல பாதி ஏறி, மேலயும் போகாம கீழயும் வராம அழுதீங்க பாருங்க, அதே ஆளுதான். அன்னிக்கு உங்கள எறக்குனது எங்கம்மா. இன்னிக்கு யாரு எறக்குறது?

நீளம் 360 அடி. 380ன்னு எழுதுனது அம்மா ஊர்ல பெருமையா சொல்லட்டும்னு. அம்மாதான் கப்பலப் பத்தி ஒரு வார்த்த கேக்கலையே. நான் பக்கம் பக்கமா எழுதுவேன், "உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு"ன்னு பதில் வரும். எங்கம்மா கல்லுன்னு நெனச்சிக்குவேன்.

மலருக்காக எல்லாத்தையும் யோசிச்சிப் பாக்குறேன். கப்பல்ல என்னய யாரும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டானுங்க. "டேய் ரேடியோ சிலோன், ஒரு பாட்டுப் போடு"ம்பானுங்க. இந்தியாவுக்குத் திரும்புன மாமா குடும்பத்து கார்டுல பேரு சேத்து பதினேழு வயசுல இங்க வந்தவன், ஹிந்தியும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தது வர்கீஸ் சேட்டன். பாய்லர் ரூம் சூட்டுல பனியனப் பிழிஞ்சா வாளி நெறையும். எனக்கு மயக்கம் வந்தா தன்னோட தண்ணியக் குடுப்பாரு.

இப்ப விஷயம். அவரு மக லிஸி போன் பண்ணிச்சு. அப்பா செத்தப்ப அதுக்கு மூணு வயசு. "அங்கிள், எங்கப்பா பர்னர சரியா மாட்டாததாலதான் தீ புடிச்சுதுன்னு அன்னிக்கு விசாரணையில எழுதிட்டாங்க. மலர்லயும் அதையே போடப் போறாங்களாம். நீங்க கூட இருந்தீங்களாமே?"ன்னு கேட்டுச்சு. போன் சரியாக் கேக்கலம்மான்னு வெச்சிட்டேன்.

நல்லாத்தான் கேட்டுச்சு அண்ணே.

அந்த பர்னர மாத்துனது நான். நட்ட முழுசா முறுக்கல. எண்ணெய் பீச்சி தீ புடிச்சதும் சேட்டன் என்னய ஏணில ஏத்தி மேல தள்ளிட்டு, எண்ணெய் வால்வ மூட உள்ள போனாரு. வரல. எனக்கு கை வெந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். கை ஆறினதும் வாக்குமூலம் கேப்பாங்கன்னாங்க. அங்க படுத்துக்கிட்டு எல்லாத்தையும் அம்மாவுக்கு எழுதி, சொல்லவா வேணாமான்னு கேட்டேன். அதுதான் உங்க முப்பத்து நாலு. அம்மா பதில் இன்னும் எங்கிட்ட இருக்கு. "நடந்தது நடந்துவிட்டது. பெரியவர்கள் விசாரிக்கும் இடத்தில் வாய் திறக்காதே. உன்னைக் காப்பாற்றிக்கொள்." அம்மா சொல்லிருச்சேன்னு பர்னரப் பத்தித் தெரியாதுன்னுட்டேன்.

இத்தன வருஷம் கழிச்சி நான் சும்மா சொன்னா, கெழவனுக்குப் புத்தி பெரண்டுருச்சும்பாங்க. அந்த வாரமே எழுதுன கடுதாசி, தபால் முத்திரையோட இருந்தா நம்புவாங்க. ஜூன் முப்பதுதான் கடைசி நாள், அப்புறம் அச்சுக்குப் போயிரும். அனுப்புங்க. மூணாவதையும் எழுதுங்க.

பழனி


பலாங்கொடை
24.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாவது.

1981 ஜூனில் வந்த உன் முதல் கடிதத்தில் "நான் ஒரு டிஸ்ட்ராயர் கப்பலில் ஏறிவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. படித்தவன் என்ற எண்ணம் அப்போது கொஞ்சம் அதிகம். பத்திரிகையில் வரும் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா பாடசாலைப் படியில் வந்து உட்கார்ந்தார். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கணீரென்று வாசித்தேன்: "அம்மா, நான் இப்போது ஒரு நாசகாரியில் இருக்கிறேன்."

லயத்தில் பைப்படியில் பெண்கள் சண்டை பிடிக்கும்போது ஒருத்தி மற்றவளை என்ன சொல்லித் திட்டுவாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் நினைவுக்கு வரவில்லை.

அம்மா எழுந்து நின்றார். "எந்த நாசகாரி வாத்தியாரு தம்பி? எம்புள்ளய எவ புடிச்சா?"

"ஐயோ அக்கா, பொம்பள இல்ல. கப்பல். கப்பலுக்குத்தான் அந்தப் பேரு."

"கப்பலுக்கு யாராச்சும் நாசகாரின்னு பேரு வெப்பாங்களா? அந்தப் பேர வெச்சா அது கரைக்கு வந்து சேருமா?"

"அது... பேரு இல்ல அக்கா, சாதி. கப்பல் சாதி."

"அது என்னா செய்யும்?"

நாசம் செய்யும் என்று எப்படிச் சொல்வேன்? அவர் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. பாடசாலைக்குக் கீழே ரோட்டில் கொழுந்து லொறி பெக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். "தேயில ஏத்துற கப்பல் அக்கா. நான்தான் பிழையா வாசிச்சிட்டேன்" என்றேன்.

அவர் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். "நம்ம தேயிலயா?" என்று கேட்டார். "நம்ம தேயிலயும் இருக்கும்" என்றேன்.

அன்றிலிருந்து நான் உன் கப்பலில் இருந்த ஆறு பீரங்கிகளையும் கழற்ற வேண்டியதாயிற்று. பயிற்சிக்குச் சுட்டதை நான் வாசிக்கவில்லை. பீரங்கிக்கு முன்னால் நீ நின்ற படத்தைக் கொடுக்கவில்லை, முகம் மட்டும் உள்ள படத்தைக் கொடுத்தேன். ஆட்டுக்குட்டியை மட்டும் முழுதாக வாசித்தேன்.

அம்மா சொல்வதை நான் முதலில் ஒரு கொப்பியில் அவர் வாய்மொழியாகவே குறித்துக்கொள்வேன், பிறகு இரவல் சொல் இல்லாத நல்ல தமிழில் கடிதமாக எழுதுவேன். வருடத்துக்கு ஒரு கொப்பி. நேற்று 81இலிருந்து 84 வரை எடுத்துப் பார்த்தேன். நான் உனக்கு எழுதாமல் விட்டவற்றில் சில:

"பொட்டி தூக்கும்போது இடுப்பப் பாத்துக்கச் சொல்லுங்க."

"கப்பலு எந்தெந்த ஊருக்கு நம்ம தேயிலயக் கொண்டுபோகுதுன்னு கேளுங்க. வெள்ளக்காரன் குடிச்சிட்டு என்னா சொல்றான்?"

"முத்தல் எலயப் பறிச்சுப் போடுறாளுக தம்பி. எம்புள்ள மூக்கப் புடிச்சிக்கிட்டா தூக்கணும்னு சண்ட போட்டேன். அவன் தங்கச்சி மல்லிகாவையும் போட்டு ஏசிட்டேன்னு எழுதுங்க."

"கப்பலுக்கு உள்ள மழ ஒழுகுமா? லயத்த விட மோசமா?"

ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். மலையில் அவருக்குக் கப்பக்காரம்மா என்றே பெயர். இவற்றை எழுதினால் என் பொய் உனக்குத் தெரிந்துவிடும். ஆகவே உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்று எழுதினேன். கல் என்று நீ நினைத்தது அம்மாவை அல்ல. அந்த வாசகங்கள் என்னுடையவை.

வெட்கமாக இருக்கிறது. நான்காவதை எழுதக் கொஞ்சம் அவகாசம் கொடு.

நல்லையா


கோத்தகிரி
12.4.2025

அண்ணே,

கடுதாசிய டீக்கடையில வெச்சிப் படிச்சேன். தப்பு பண்ணிட்டேன். மொதல்ல சத்தமா சிரிச்சேன், அப்புறம் அழுதேன். கடைக்காரன் கல்லாவ விட்டு எறங்கி வந்து, "சிலோன்காரரே, வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"ன்னான். எங்கம்மா இன்னிக்குத்தான்யா வந்திருக்குன்னேன். அவனுக்குப் புரியல.

பத்துப் பன்னெண்டு வருஷம் முந்தி மல்லிகா போன்ல, "அண்ணே, உன் தேயிலக் கப்பல் இப்ப இருக்குதா?"ன்னு கேட்டிச்சு. எனக்கு "தேஞ்ச கப்பல்"னு விழுந்துச்சு. ஆமா, தேஞ்சிபோய்த்தான் ஒடச்சிட்டாங்கன்னு சொன்னேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நல்லாத்தான் பேசிக்கிட்டோம்!

முத்தல் எலய நான் மூக்கப் புடிச்சிக்கிட்டுத் தூக்கணுமா. அத நூறு தடவ படிச்சிட்டேன். அன்னிக்கே எழுதியிருந்தா நானும் ஆமாம்மா, தேயிலக் கப்பல்தான்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே. உங்களுக்கு ஏன் அண்ணே அவ்வளவு பயம்?

கோவம் இல்லன்னு எழுதத்தான் உக்காந்தேன். எழுதிக்கிட்டு இருக்கும்போது ஒண்ணு தோணிருச்சு. அம்மாவுக்கு என் கப்பல் தேயிலக் கப்பல். அதுல ஏது பாய்லர் ரூம் தீ? முப்பத்து நாலாவது கடுதாசிய அம்மாகிட்ட என்னான்னு வாசிச்சீங்க?

நம்பர் நாலு. ஒடனே எழுதுங்க.

பழனி


பலாங்கொடை
05.05.2025

அன்புள்ள பழனி,

நான்காவது. சுற்றி வளைக்காமல் எழுத முயல்கிறேன்.

முப்பத்து நான்காம் கடிதம் 1985 நவம்பர் முதலாம் திகதி வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு வகுப்புக்குள் நின்று வாசித்தேன். கடைசி வரி இப்படி: "அம்மா, நீ சொல்லுறதத்தான் செய்வேன். சொல்லுன்னா சொல்லிடுறேன்." அதை வாசித்ததும் சின்னப் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

அதை அம்மாவுக்கு வாசிப்பதென்றால் நாலு வருடப் பொய்யை முதலில் உடைக்க வேண்டும். அது ஒரு பயம். இன்னொன்றும் இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் நடந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. டவுணில் பஸ்ஸுக்குள் தமிழில் இருமக்கூடப் பயந்த காலம். எவன் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்வதுதான் கெட்டித்தனம் என்று நான் நினைத்தேன். அந்தக் கெட்டித்தனத்தைத்தான் உனக்கும் எழுதி அனுப்பினேன்.

உன்னிடம் இருக்கும் அந்தப் பதிலை நான் எழுதினேன். அம்மா சொல்லி எழுதியதல்ல. அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. "கை கொஞ்சம் சுட்டிருக்கு, ஆறிடும்" என்று மட்டும் சொன்னேன். தேநீர் கொட்டிவிட்டது என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

ஒரு மனிதரின் பெயர் நாற்பது வருடம் கெட்டுக் கிடப்பதற்கு என் பேனாவும் காரணம். அவர் பெயரை உன் முந்திய கடிதங்களில் பதினொரு இடத்தில் வாசித்திருக்கிறேன். தண்ணீர் கொடுத்தது, காய்ச்சலில் உனக்காகச் சேர்த்து வேலை பார்த்தது, எல்லாம் தெரிந்தே எழுதினேன்.

ஐந்தாவது. இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்டிருந்தாலும் பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர் புருஷன் இல்லாத மனுஷி. தோட்டத்துத் துரை வந்தால் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கி நிற்பார். எண்பத்து மூன்றில் பொட்டை அழித்துவிட்டு மல்லிகாவோடு தேயிலைக்குள் ஒளிந்திருந்தவர். எந்தத் தாயும் தன் பிள்ளையைக் காப்பாற்றத்தான் பார்ப்பாள். ஆகவே எழுதியது என் கையானாலும் அதை அம்மாவின் பதிலாகவே நீ வைத்துக்கொள்ளலாம்.

அந்த வருடத்துக் கொப்பியைப் பார்க்கலாமே என்று கேட்பாய். மழையில் நனைந்து போய்விட்டது.

முப்பத்து நான்காம் கடிதத்தை உறையோடு இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். முத்திரை தெளிவாக இருக்கிறது.

நல்லையா


கோத்தகிரி
26.5.2025

நல்லையா அண்ணனுக்கு,

கடுதாசி கெடச்சது. மல்லிகாகிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அம்மா 91ல செத்தப்ப நான் லீவு கேக்கல. லீவு கெடைக்கலன்னு தந்தி குடுத்தேன், ஞாபகம் இருக்கா? அது பொய். கேக்கவே இல்ல. என்னய வாய மூட வெச்ச அம்மான்னு கோவம். அந்தக் கோவத்துக்கு இப்ப நான் எங்க போறது?

முப்பத்து நால மலர்க்காரங்களுக்கு அனுப்பணும்னு உறைல போட்டேன். திரும்ப எடுத்துப் பொட்டில வெச்சிட்டேன். இங்க கடைசிப் பையனுக்குப் பொண்ணு பாக்குறோம். கடற்படைக்காரர்னு எனக்கு ஊர்ல ஒரு மரியாத இருக்கு. அப்பத்தான் உங்க அஞ்சாவதத் திரும்பப் படிச்சேன். அம்மா அதத்தான் சொல்லியிருக்கும்னு எழுதியிருக்கீங்களே. சரி, அதையே புடிச்சிக்கிறேன். அம்மா பேச்ச இன்னும் ஒருக்கா கேட்டுக்குறேன்.

மலருக்கு நாலு வரி எழுதிட்டேன். பாய்லர் ரூம்ல தீ, ஒருத்தர் எறந்தாரு. அவ்வளவுதான். லிஸிகிட்ட அந்தக் கடுதாசி கெடைக்கலன்னு சொல்லப் போறேன். ஜூன் முப்பது போயிட்டா எல்லாம் முடிஞ்சிரும்.

இனிமே எழுத வேணாம்.

பழனியாண்டி


பலாங்கொடை
22.06.2025

அன்புள்ள பழனி,

எழுத வேண்டாம் என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியாது. தபால் முப்பதாம் திகதிக்குள் வந்து சேராது. ஆகவே மல்லிகாவின் மகள் நிரோஷா இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து உன் பேரனின் போனுக்கு இன்றே அனுப்புகிறாள். மூலப்பிரதி பின்னால் வரும்.

வியாழக்கிழமை மல்லிகா வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் நனைந்தபடி வந்து வாசலில் நின்றது. குடையைக் கையிலேயே வைத்திருந்தது, விரிக்கவில்லை.

"அண்ணன் சொன்னது உண்மையா சார்?"

"உண்மைதான் மல்லிகா. உள்ள வா. தேத்தண்ணி ஊத்துறேன்."

"உங்க தேத்தண்ணி எந்தக் கப்பல்ல வந்திச்சு?"

உள்ளே வந்து உட்கார்ந்தது. "முத்தல் எலக்கு நான் அம்மாகிட்ட எத்தன குட்டு வாங்கியிருப்பேன் தெரியுமா? எம்மகனுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்காதடின்னு. இல்லாத கப்பலுக்கு! சரி, அத விடுங்க. அண்ணன் கேட்டிருந்தா வாய மூடுன்னுதான் அம்மா சொல்லியிருக்கும்னு எழுதினீங்களாமே."

"அம்மா பயந்த மனுஷி மல்லிகா."

"யாரு? எங்கம்மாவா? காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்களத்துல, கங்காணி வந்து சின்னப்பொண்ணு அக்கா மேல கத்தி காணாமப் போன பழியப் போட்டப்ப, அது நான் தொலச்சது தொரைன்னு போய் நின்னுச்சே. ஒரு வாரம் வேல குடுக்கல. உங்களுக்கு எங்கம்மாவத் தெரியுமா, நீங்க எழுதின அம்மாவத் தெரியுமா?" பிறகு, "கொப்பி எங்க?" என்றது.

"அது மழையில நனைஞ்சி..."

மல்லிகா எழுந்து என் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றது. அதற்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இலக்கம் நன்றாக வரும். கொப்பிகளின் முதுகில் வருடத்தைப் பெரிதாக எழுதி ஒட்டி வைப்பது என் பழக்கம். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னது. "எம்பத்தொண்ணு. எம்பத்திரெண்டு. எம்பத்திமூணு. எம்பத்திநாலு. எம்பத்தஞ்சு." நிறுத்தியது. "காஞ்சுதான் இருக்குது சார்."

பழனி, அந்தக் கொப்பி ஒருநாளும் நனையவில்லை. அதை எடுத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என்ன பயம் என்று என்னிடமே நான் கேட்கவில்லை. மல்லிகா எடுத்துக் கையில் தந்தது. நான் வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்தேன்.

1985 நவம்பர் 3, ஞாயிறு. பென்சிலில் என் எழுத்து: "கடிதம் 34. கப்பலில் தேயிலைப் பெட்டி நனைந்துவிட்டதாகச் சொன்னேன். பெட்டியை மூடாமல் விட்டவன் பழனி. பழி இன்னொருவர் மேல். சொல்லவா வேண்டாமா என்று கேட்கிறான்."

ஆக, நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். தீயையும் மரணத்தையும் மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தை எழுதியது எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று நான் சொல்வதை நீ நம்ப வேண்டியதில்லை. கொப்பி நனைந்தது என்று சொன்னவனும் நான்தான்.

அதன் கீழே அம்மா சொன்னது இருக்கிறது. நாற்பது வருடம் பிந்தி உனக்கு அனுப்புகிறேன். இதற்கு முன் நான் எழுதிய பதிலைக் கிழித்துவிடு.

"வாத்தியாரு தம்பி, இத அப்படியே எழுதுங்க. மூடாம விட்டது நீதான்னா, நான்தான்னு போய்ச் சொல்லு. வேல போனாப் போகட்டும், இங்க வந்துரு, நாம கொழுந்தெடுத்துத் தின்னலாம். அடுத்தவ பெத்த புள்ள மேல பழிய வெச்சிட்டு எனக்குக் காயிதம் எழுதாத."

"அப்படியே எழுதுங்க" என்பதன் கீழ் நான் ஒரு கோடும் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு, அப்படியே எழுதவில்லை.

இன்றைக்கு இருபத்திரண்டு. உனக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அந்தப் பெண் லிஸிக்கு, கடிதத்தை மறைத்தவர்களில் நானும் ஒருவன் என்று எழுது. என் முகவரியையும் கொடு.

நான் போட்ட வரிசையில் ஐந்தாவது பிழை, பழனி.

நல்லையா